நம் பள்ளியின் வலைவாசல் நம் கையிலேயே இருக்கட்டும்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

சென்ற ஆண்டு பெற்றோர் தினத்தன்று எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டியார் நம் பள்ளி நூலகத்திற்கு வந்திருந்தார்கள். அவர்களும் இப்பள்ளியின் பழைய மாணவியே. 1976-ஆம் ஆண்டு மலரில் தாம் எழுதிய சிறுகதை ஒன்றைப் பேத்திக்குக் காட்ட வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் ஆசை. நூலக ஆசிரியை அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். அந்த ஆண்டு மலர்கள் இருந்த கட்டில் பாதிக்கு மேல் கறையானுக்கு இரையாகிவிட்டிருந்தது. "பரவாயில்லை அம்மா, பழைய மலர்களை எல்லாம் படமெடுத்து இணையதளத்தில் ஏற்றியிருக்கிறோம்" என்று சொல்லிக் கணிப்பொறியில் முகவரியைத் தட்டினார்கள். திரையில் வந்தது நம் பள்ளியன்று. ஏதோ ஓர் அயல்நாட்டுக் கடையின் விளம்பரம்!

"கறையானுக்கு இதற்குள்ளும் வழி தெரியும் போலிருக்கிறது" என்றார்கள் பாட்டியார். நாங்கள் சிரித்துவிட்டோம். ஆனால் அவர்கள் கைப்பையைத் திறந்து கண்ணாடியை மீண்டும் உறைக்குள் வைத்தபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு விசாரித்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்திற்குப் பணம் கொடுத்து அந்தத் தளம் அமைக்கப்பட்டதாம். தளத்தின் முகவரி அந்நிறுவனத்தின் பெயரிலேயே பதிவாகி இருந்தது. மலர்களின் படங்களும் அவர்களிடமே இருந்தன. நிறுவனம் மூடப்பட்டது. ஆண்டுக் கட்டணம் கட்டுவாரில்லை. முகவரி வேறு யாரோ ஒருவர் கைக்குப் போயிற்று. யாரும் நம்மை ஏமாற்றிவிடவில்லை. வீட்டைக் கட்டிக் குடிபுகுந்த நாம் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நமக்கு மீண்டும் ஓர் இணையதளம் வேண்டும் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கலாமா என்ற யோசனையும் உண்டு என்று கேள்விப்படுகிறோம். பெரியவர்கள் முடிவு செய்யும் காரியத்தில் சிறுமிகள் தலையிடுவது முறையன்று என்று சிலர் நினைக்கலாம். ஆயினும் மலரில் கருத்தெழுத இடம் தந்திருக்கும் துணிவில் எங்கள் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறோம். பள்ளிக்கு ஒரு சிறு வலைவாசல் போதும். அதைக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு நாமே அமைத்து நாமே பேண வேண்டும்.

வலைவாசல் என்றால் என்ன என்று கேட்கும் பெற்றோர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரே இடத்தில் நுழைந்தால் தேர்வு அட்டவணை, விடுதி அறிவிப்பு, நூலகப் பட்டியல், பழைய மலர்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் வழிகாட்டும் தளத்தையே அப்படி அழைக்கிறார்கள்.

கட்டற்ற மென்பொருள் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் 'இலவசம்' என்ற ஒரு சொல்லோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். கடையில் மசாலாப் பொட்டலம் வாங்குகிறோம். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது விற்றவருக்கே தெரியும். அவர் கடையை மூடிவிட்டால் அந்த ருசி அத்தோடு போயிற்று. ஆனால் பக்கத்து வீட்டு அத்தை மிளகு எவ்வளவு, மல்லி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் நாமே அரைக்கலாம், காரத்தைக் குறைக்கலாம், அடுத்தவருக்கும் எழுதிக் கொடுக்கலாம். மென்பொருளுக்கும் அப்படி ஒரு தாள் உண்டு. அதை மூல நிரல் என்பர். அந்தத் தாளை மறைக்காமல் தருவதே கட்டற்ற மென்பொருள். 1983-ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் குனு என்னும் திட்டத்தை அறிவித்தபோது இவ்வியக்கம் தொடங்கியது. எந்த நோக்கத்திற்கும் இயக்கலாம், படித்து மாற்றலாம், பிறருக்குப் பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம் என்பன அதன் நான்கு உரிமைகள். 1989-இல் வந்த 'பொது உரிமம்' இன்னும் ஒரு படி மேலே போயிற்று: இவ்வுரிமத்தோடு பெற்றதை மாற்றி வெளியிடுபவர், அடுத்தவருக்கும் இதே உரிமையைத் தந்தாக வேண்டும். கொடையாகப் பெற்றதைக் கொடையாகவே வழங்கு என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டதை ஒருவர் சட்ட ஆவணமாகவே எழுதிவைத்திருக்கிறார் என்று அறிந்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

நாங்கள் பயன்படுத்திய வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளின் பிறப்பைக் கேட்டால், நம் பள்ளித் தளத்தின் கதையே வேறு முடிவோடு நடந்தது போலத் தோன்றும். மிஷெல் வால்த்ரிகி என்பவர் பி2 என்றொரு மென்பொருளை எழுதி வந்தார். ஒரு கட்டத்தில் அதன் வளர்ச்சி நின்றுபோயிற்று. மூல நிரல் பொது உரிமத்தில் இருந்தமையால், அதைப் பயன்படுத்தி வந்த மேட் முல்லன்வெக் என்ற 19 வயது அமெரிக்க இளைஞரும், இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டில் என்பவரும் அதை எடுத்துத் தொடர்ந்தனர். 2003-ஆம் ஆண்டு மே 27-இல் வேர்ட்பிரஸ் வெளிவந்தது. இன்று உலகின் இணையதளங்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அதைக் கொண்டே நடக்கின்றன. ஆக்கியவர் நிறுத்திக்கொண்டார், ஆனால் ஆக்கம் நிற்கவில்லை. நமக்கு வேண்டியதும் அதுதானே?

தகவல்களைச் சேமித்து வைக்கும் மரியாடிபி என்ற மென்பொருளின் கதையும் இத்தகையதே. முன்பு மையெஸ்க்யூஎல் என்ற கட்டற்ற மென்பொருள் புகழ்பெற்றிருந்தது. 2008-இல் அதை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. அந்நிறுவனத்தை அதனினும் பெரிய ஆரக்கிள் வாங்க முன்வந்தது. இனி இது யார் கைப்பட்டு என்னவாகுமோ என்று அஞ்சிய அதன் ஆசிரியர், பின்லாந்து நாட்டு மைக்கேல் விடேனியஸ், 2009-இல் அதே நிரலை எடுத்து மரியாடிபி என்று புதிதாகத் தொடங்கினார். நூலகத்திற்கு வந்த சிஸ்டர் ஒருவர் அன்னை மரியாளின் பெயரோ என்று மகிழ்ந்தார்கள். இல்லை சிஸ்டர், அவருடைய இளைய மகளின் பெயர் மரியா என்று சொன்னோம். "அந்தப் பிள்ளைக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்ததாம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை.

இனி எங்கள் அனுபவத்திற்கு வருவோம். கணிப்பொறி ஆசிரியையின் அனுமதியுடன் நாங்கள் ஆறு பேர் சனிக்கிழமைகளில் இதில் இறங்கினோம். ஆய்வகத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பழைய கணிப்பொறி ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐத் தாங்கும் வலு அந்தக் கணிப்பொறிக்கு இல்லை. குப்பைக்குப் போக இருந்த அதில் உபுண்டு என்னும் லினக்ஸை ஏற்றினோம். லினக்ஸின் கருவை 1991-இல் எழுதத் தொடங்கியபோது லைனஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர். அதன்மேல் அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி, வேர்ட்பிரஸ் என ஒவ்வொன்றாக அடுக்கினோம். ஒரு காசும் கொடுக்கவில்லை.

ஐந்தே நிமிடத்தில் நிறுவலாம் என்பது வேர்ட்பிரஸுக்கு இருக்கும் பெயர். எங்களுக்கு மூன்று சனிக்கிழமைகள் ஆயின! முதல் சனிக்கிழமை முழுவதும் 'தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை' என்ற ஒரே வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடவுச்சொல்லில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்திருந்தோம் என்பது மறுவாரம்தான் தெரிந்தது. இன்னொரு நாள், லூர்து அன்னை கெபியின் படம் மட்டும் வரவே இல்லை. மற்றப் படங்கள் எல்லாம் வருகின்றன; கெபி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம்! கோப்பின் பெயரை ஓரிடத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் மற்றோரிடத்தில் சிறிய எழுத்திலும் எழுதியிருந்தோம். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். மூலத்தைத் திறந்து பார்க்க முடிந்தமையால்தான் இந்தத் தவறுகளை நாங்களே கண்டுபிடித்தோம் என்பதைக் குறிப்பிட வேண்டும். பழைய தளத்தில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தவே தொலைபேசியில் அழைத்து, மின்னஞ்சல் அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டி இருந்ததாக அலுவலகத்தில் சொன்னார்கள்.

தமிழ் எழுத்து தந்த தொல்லை தனி. சில பழைய மலர்களின் அச்சுக்கோப்புகள் அச்சகத்திலிருந்து கிடைத்தன. ஆவலோடு ஒரு பக்கத்தை எடுத்துத் தளத்தில் ஒட்டினால், தமிழுக்குப் பதில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. அக்காலத்து எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முறையைக் கொண்டவை. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் படிக்க முடியாது. இதுவும் பூட்டிய பெட்டியே. இன்றைக்கு எல்லாக் கருவிகளிலும் ஓடுவது ஒருங்குறி. 2010-இல் தமிழ்நாடு அரசும் அதைத் தரமாக ஏற்றது. கட்டற்ற மாற்றிகளைக் கொண்டு பழைய பக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றி வருகிறோம். தளத்திற்கு 'மீரா இனிமை' என்ற கட்டற்ற எழுத்துருவைத் தேர்ந்தோம். அதை நமக்குத் தந்தவர்கள் கேரளத்தின் 'சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' அமைப்பினர் என்று அறிந்தால், தண்ணீருக்காக மட்டுமே அண்டை மாநிலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சற்று யோசிப்பார்கள்.

இவ்வளவும் சொன்னபின், எங்கள் தவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நூலகப் புத்தகங்களின் பட்டியலை இரண்டு வாரம் முறை வைத்துத் தட்டச்சு செய்து, அறுநூறு புத்தகங்களைத் தாண்டியிருந்தோம். ஒரு சனிக்கிழமை மாலை மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போயிற்று. திரும்ப வந்தபோது பட்டியல் வரவில்லை. நகல் எங்கே என்று டீச்சர் கேட்டார்கள். ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருத்தி எடுத்திருப்பாள் என்று மற்ற ஐவரும் நினைத்திருந்தோம். அன்று எங்களில் ஒருத்தி அழுதேவிட்டாள். இந்தத் தடவை எந்த நிறுவனத்தையும் கைகாட்ட முடியவில்லை.

அதன்பின் வாரந்தோறும் இரண்டு பென் டிரைவில் நகல் எடுக்கிறோம். ஒன்று தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களின் அலமாரியில், மற்றொன்று விடுதியில். இலவசமாகக் கிடைத்த மென்பொருளுக்கும் விலை உண்டு; அதை நேரமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வாசல் வைத்துவிட்டால் போதுமா? நாள்தோறும் பெருக்கித் தெளிக்க வேண்டாமா? புதுப்பிக்காமல் விட்ட தளத்திற்குள் திருடர்கள் நுழைந்துவிடுவார்கள். உலகமே இந்த வேலையை யாரோ ஒருவர் தலையில் கட்டிவிட்டுத் தூங்கியதும் உண்டு. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளிப்பட்டது. எத்தனையோ வங்கிகளும் கடைகளும் தம் இரகசியங்களைக் காக்க நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு, முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே! இதைப் படித்தபோது எங்கள் அறுநூறு புத்தகங்கள் நினைவுக்கு வந்தன.

"இத்தனை பாடு எதற்கு? வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, முகநூல் பக்கம் ஒன்று திறந்தால் ஆயிற்று" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். அவசரச் செய்திக்கு வாட்ஸ்அப் நல்லதுதான். ஆனால் அரையாண்டுத் தேர்வு அட்டவணையை மூன்று நாள் கழித்து அதில் தேடிப் பாருங்கள்! காலை வணக்கங்களுக்கும் பூங்கொத்துகளுக்கும் அடியில் எங்கேயோ கிடக்கும். அன்றியும், பிறர் இடத்தில் வைத்தது பிறர் விருப்பப்படியே இருக்கும். ஜியோசிட்டீஸ் என்ற இடத்தில் இலட்சக்கணக்கானோர் தம் பக்கங்களை அமைத்திருந்தனர். 2009-இல் அது மூடப்பட்டது. நம் நாட்டு இளைஞர்கள் கூடியிருந்த ஆர்குட் 2014 செப்டம்பருடன் முடிந்தது. எங்கள் அக்காமார்களின் நிழற்படங்கள் பல அதோடு போயின.

நிறுவனங்களே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தளம் எல்லாருக்கும் தெரிய வேண்டுமானால் முகவரிக்கும், வைப்பிடத்திற்கும் ஆண்டுதோறும் பணம் கட்டத்தான் வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற இலாப நோக்கற்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது. எங்களால் முடியாத வேலைக்கு வல்லுநர் ஒருவரை அழைக்கலாம். ஆனால் முகவரி பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும். அவர் பயன்படுத்துவது கட்டற்ற மென்பொருளாக இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை முழு நகலும் நம் கைக்கு வர வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம், எவ்வளவு அழகாகச் செய்து தருவதாகச் சொன்னாலும், நம் மலர்களைக் கொடுக்கக் கூடாது.

ஒரு செய்தியில் மட்டும் எங்கள் ஆறு பேருக்குள்ளேயே ஒத்த கருத்து வரவில்லை. மாணவியரின் நிழற்படங்களைத் தளத்தில் போடலாமா? ஆண்டு விழாவில் ஆடினோம், பாடினோம், பரிசு பெற்றோம். படம் போட்டால்தானே மகிழ்ச்சி என்றனர் இருவர். வேண்டாம் என்றோம் நால்வர். அச்சிட்ட மலர் வீட்டு அலமாரியில் இருக்கும். இணையத்தில் ஏறிய படம் எவர் கையில் எந்த உருவத்தில் திரியும் என்று சொல்ல முடியாது. இக்காலத்தில் ஒரு முகத்தை வைத்து எதையும் செய்துவிடுகிறார்கள். 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆகவே முகமும் முழுப்பெயரும் வேண்டாம், கதையும் கவிதையும் ஓவியமும் போதும் என்று முடிவாயிற்று. இந்தத் தீர்மானத்தை நாமே எடுக்க முடிந்தது, தளம் நம் கையில் இருப்பதனால்தான். பிறர் பக்கத்தில் ஏற்றியிருந்தால் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

"பொதுத் தேர்வு எழுதும் ஆண்டில் இது தேவையா?" என்று எங்கள் வீடுகளில் கேட்காத நாளில்லை. நியாயமான கேள்வியே. எங்களில் ஒருத்திக்குக் காலாண்டில் கணக்கு மதிப்பெண் குறைந்தது. வலைவாசலால்தான் குறைந்தது என்று அவள் அம்மா சொல்கிறார்கள். கணக்கால்தான் குறைந்தது என்று அவள் சொல்கிறாள். எப்படியாயினும், இதைச் செய்ய வேண்டியவர்கள் பத்தாம் வகுப்பார் அல்லர், எட்டும் ஒன்பதும் படிப்பவர்களே என்பதை ஒப்புக்கொள்கிறோம். கேரளத்தில் 2018-இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்தாம் இருக்கிறார்கள். அங்குப் பள்ளிகளுக்கெனவே 'ஸ்கூல்விக்கி' என்ற வலைவாசல், கட்டற்ற மீடியாவிக்கி மென்பொருளில், மலையாளத்தில் நடக்கிறது. பள்ளியின் வரலாற்றைப் பள்ளியாரே அதில் எழுதுகிறார்கள். அவர்களால் முடிகிறதென்றால் நம் தங்கைகளால் முடியாதா?

2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ அவர்களால் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அகூடிஸைப் பற்றிச் சிஸ்டர்மார் எங்களிடம் அடிக்கடி சொல்கிறார்கள். நற்கருணை அற்புதங்களை எல்லாம் திரட்டி இணையதளம் அமைத்த அவர், 2006-இல் இறந்தபோது வயது 15. எங்கள் வயதுதான். அவரைப் போலத் திறமை எங்களுக்கு இல்லை; புனிதமும் இல்லை என்று விடுதிக் காப்பாளர் அடித்துச் சொல்வார்கள். ஆனால் ஒன்றை நினைத்துப் பார்த்தோம். அவர் இறந்து இத்தனை ஆண்டுகளாகியும் அந்தத் தொகுப்பு அழியாமல் இருக்கிறது. அதை வேறு சிலர் எடுத்துப் பேணி வருகிறார்கள். நாங்கள் மே மாதத்தில் இப்பள்ளியை விட்டுப் போய்விடுவோம். சிலர் பதினோராம் வகுப்புக்கு இங்கேயே இருக்கலாம், சிலர் வேறு ஊருக்குப் போகலாம். ஆறு பேரில் எவரும் இல்லாத நாளிலும் சனிக்கிழமை நகல் எடுக்கப்பட வேண்டுமே!

அதற்காக நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறோம். எதை எந்த வரிசையில் நிறுவினோம், எந்தப் பிழைக்கு என்ன செய்தோம், கெபிப் படம் ஏன் வரவில்லை என்பது வரை அதில் உண்டு. கடவுச்சொற்களை மட்டும் உறையிலிட்டு ஒட்டித் தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். இப்போதைக்கு வலைவாசல் ஆய்வகத்திலும் நூலகத்திலும் உள்ள கணிப்பொறிகளில் மட்டுமே தெரியும். மதிற்சுவருக்கு வெளியே அதைத் திறப்பதா என்பதை நிர்வாகத்தினர்தாம் முடிவு செய்ய வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் விருப்பமுள்ளவர்கள் கணிப்பொறி டீச்சரிடம் பெயர் கொடுக்கலாம். தட்டச்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

பழைய மாணவியராகிய தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1974, 1976, 1981 ஆகிய ஆண்டு மலர்கள் நம்மிடம் இல்லை. எவர் வீட்டிலாவது இருந்தால் ஒரே ஒரு நாள் கடனாகக் கொடுத்து உதவுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் சரி. படமெடுத்துக்கொண்டு மறுநாளே அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். 1976-ஆம் ஆண்டு மலர் முதலில் கிடைத்தால் மிகவும் நல்லது. அந்தப் பாட்டியார் இந்த ஆண்டும் பெற்றோர் தினத்திற்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.